தாராபுரம் வரை வந்து திரும்பிப்போன படை: கீழ்ப்பழனி மலையின் வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சார்களுக்கும் டீச்சர்களுக்கும்,

வணக்கம். தாண்டிக்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் காப்பியும், ஊடே கொஞ்சம் மிளகும் மலைவாழையும் வைத்துப் பிழைக்கிறவன் நான். வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. பழம் எடுக்கிற சீசன் முடிந்தால் சாயங்காலம் படிக்க நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். இந்த மடலை எழுத வைத்தவள் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள்.

அவள் கேட்டது இதுதான். 1783 மே மாதம் ஆங்கிலேயக் கம்பெனியின் படை திண்டுக்கல் கோட்டையைப் பிடிக்கிறது. ஜூன் தொடக்கத்தில் தாராபுரத்தையும் பிடிக்கிறது. கோயம்புத்தூர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, மைசூருக்கு ஏறும் கணவாய்களும் அந்தப் பக்கம்தான். ஆனால் பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் அதே படை பிடிப்பது நவம்பரில். நடுவில் ஐந்து மாதம் அந்தப் படை எங்கே போச்சு? வகுப்பில் கேட்டிருக்கிறாள். பரீட்சைக்கு வராது, விடும்மா என்று பதில் கிடைத்திருக்கிறது. பதில் சொன்னவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. போர்ஷன் முடிக்க வேண்டிய அவசரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நானும் அன்றைக்கு, தெரியலைம்மா என்றுதான் சொன்னேன். அப்புறம் தேடிப் படித்ததில் கிடைத்த விடை நம் மலைக்குக் கிழக்கே இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால், கடலூருக்கு எதிரே கடலுக்குள் இருந்தது. அதை உங்கள் காதில் போட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

இரண்டாம் மைசூர்ப் போரை நாம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். 1780ல் ஹைதர் அலி பெரும்படையோடு கணவாய் இறங்கி வந்தார், பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படையை நொறுக்கினார், கல்கத்தாவிலிருந்து இன்னொரு கம்பெனித் தளபதி அயர் கூட் வந்தார், 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்தார், 1782 டிசம்பரில் ஹைதர் இறந்தார், திப்பு தொடர்ந்தார், 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை. எல்லாம் தரை, எல்லாம் குதிரை. பரங்கிப்பேட்டை என்பதே ஒரு துறைமுகம், ஆனால் நாம் சொல்லும் கதையில் அங்கே ஒரு கப்பல்கூடத் தலைகாட்டாது. அந்தச் சண்டையில் கரையோரம் நின்ற ஒரு ஆங்கிலக் கப்பல் மைசூர்க் குதிரைப்படையைப் பக்கவாட்டில் சுட்டதும் சேர்ந்துதான் கூட் ஜெயித்தார்.

சோழமண்டலக் கரையில் அந்தக் காலத்தில் படை நடத்துவது என்றால் என்ன என்று முதலில் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும். பத்தாயிரம் பேருக்கு மேல் சாப்பிட வேண்டும். ஊர் ஊராக எரிந்து கிடக்கிறது, ஹைதரின் குதிரைகள் சுற்றிவருகின்றன, ஒரு மூட்டை நெல் தரைவழியாக வராது. சென்னையிலிருந்து கப்பலில் அரிசி வர வேண்டும். அதுவும் கப்பல் கரையோடு வந்து ஒட்டாது, அந்தக் கரை முழுக்க அலை. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, மசூலாப் படகுக்காரர்கள் அலைக்குள் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வர வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் புயலுக்குப் பயந்து கப்பல்கள் கரையை விட்டே ஓடிவிடும். பழுது பார்க்க ஆங்கிலேயர் பம்பாய்க்குப் போக வேண்டும். அதனால்தான் இயற்கையான துறைமுகம் உள்ள திருகோணமலைக்கு அத்தனை அடிதடி.

நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க நீங்கள் ரொம்பச் சிரமப்பட வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் போன பிறகு நாம் எப்படி இருந்தோம்? ரோடு முழுக்க மரம், கரண்ட் இல்லை, வத்தலக்குண்டிலிருந்து பால் வண்டி ஏறவில்லை. என் வீட்டில் அரிசி இருந்தது, மண்ணெண்ணெய் இல்லை. பக்கத்து வீட்டில் மண்ணெண்ணெய் இருந்தது, அரிசி இல்லை. தோட்டத்தில் காப்பி மூட்டை மூட்டையாகக் கிடந்து என்ன பிரயோசனம், அதைத் தின்ன முடியுமா. ஒரே ஒரு ரோட்டை நம்பி இருக்கிற ஊர்க்காரனுக்குத்தான் கடலை நம்பி இருந்த அந்தப் படையின் வயிற்றுக் கலக்கம் புரியும். ரோடு யார் கையில் இருக்கிறதோ அவன் கையில்தான் ஊர்.

இதை முதலில் புரிந்துகொண்ட ஆள் ஹைதர் என்று நினைக்கிறேன். 1755ல் திண்டுக்கல்லில் ஃபௌஜ்தாராக, அதாவது மைசூரின் படைத்தலைவராக, உட்கார்ந்தவர், நமக்கு அந்நியர் இல்லை. "ஹைதர் காலத்து" என்று இன்றைக்கும் நம் பேச்சில் வருகிறாரே, அவர்தான். நிலத்தில் இங்கிலீஷ்காரனின் பிழைப்பைக் கெடுக்க என்னால் முடியும், கடலை என்னால் வற்ற வைக்க முடியாது என்ற பொருளில் அவர் சொன்னதாக ஒரு வெள்ளைக்காரப் படை அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். அப்படியே சொன்னாரோ இல்லையோ, அவர் பட்ட பாடு அதுதான். 1781 தொடக்கத்தில் கூட்டின் படை கடலூரில் சோறில்லாமல் மாட்டிக்கொண்டது. தரைப்பக்கம் ஹைதர், கடல் பக்கம் ஹைதருக்குக் கூட்டாளியான பிரெஞ்சுக்காரர்களின் கப்பல்கள், தோர்வ் என்ற தளபதியின் கீழ். இன்னும் கொஞ்ச நாள் அந்தக் கப்பல்கள் அங்கேயே நின்றிருந்தால் போதும். ஹைதர் கெஞ்சிப் பார்த்தார். தோர்வ் பிப்ரவரி நடுவில் பாய் விரித்து மொரீஷியஸ் பக்கம் போய்விட்டார்! ஒரு குண்டு சுடாமல் கூட் தப்பினார். பரங்கிப்பேட்டை வெற்றியெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

மறு வருஷம் தோர்வ் இறந்துபோக, அந்தக் கப்பல்கள் சுஃப்ரன் என்ற பிரெஞ்சுத் தளபதியின் கைக்கு வந்தன. ஆள் பருமன், கோபக்காரர், தன் கேப்டன்களோடு ஓயாத சண்டை. ஆனால் கடலில் சும்மா நிற்கத் தெரியாதவர். எதிரே ஆங்கிலேயக் கடற்படைக்கு எட்வர்ட் ஹியூஸ். 1782ல் மட்டும் இவர்கள் நான்கு தடவை மோதினார்கள்: பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே, ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரையில், ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு எதிரே, செப்டம்பரில் திருகோணமலைக்கு எதிரே. நான்கிலும் எந்தப் பக்கமும் ஒரு பெரிய கப்பலைக்கூட எதிரியிடம் பறிகொடுக்கவில்லை. மூழ்கவில்லை, பிடிபடவில்லை என்றால் பாடப்புத்தகத்துக்கு அது சண்டையே இல்லை போலிருக்கிறது. ஆனால் நடுவில் சுஃப்ரன் பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுப் படையை இறக்கினார், அவர்கள் மைசூர்ப் படையோடு சேர்ந்து கடலூரைப் பிடித்தார்கள், ஜூலையில் அவர் ஹைதரை நேரில் போய்ப் பார்த்தார், ஆகஸ்ட் கடைசியில் திருகோணமலையையும் பிடித்தார்.

ஐந்தாவது மோதல்தான் நம் கதை.

1783ல் ஹைதர் இல்லை. திப்பு மேற்கே மங்களூரை முற்றுகையிடப் போய்விட்டார். கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, தக்காணத்தில் ஒரு காலத்தில் ராஜா மாதிரி இருந்த அதே புஸ்ஸி, இப்போது வயதாகி நோய்வாய்ப்பட்டு உட்கார்ந்திருக்கிறார். அயர் கூட் ஏப்ரலில் சென்னையில் இறந்துவிட்டார். அவர் இடத்துக்கு வந்த ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், இரண்டு வருஷம் முன்பு பீரங்கிக் குண்டில் ஒரு காலை இழந்தவர், ஏப்ரல் கடைசியில் சென்னையிலிருந்து கிளம்பி ஜூன் முதல் வாரம்தான் கடலூர் போய்ச் சேர்ந்தார். காவடி எடுத்துக்கொண்டு பழனிக்கு நடக்கிற நம் ஜனங்கள் அந்த நாட்களில் அதைவிடப் பல மடங்கு தூரம் போயிருப்பார்கள். கிட்டத்தட்ட பதினோராயிரம் பேர். கடலூருக்குத் தெற்கே கடலோரமாகக் கூடாரம் போட்டார்கள். சோறு கடல்வழியாக வந்தது, அதற்குக் காவலாக ஹியூஸின் கப்பல்கள் நின்றன.

ஜூன் 13 அன்று ஸ்டூவர்ட் தாக்கினார். வெளி அரண்களில் சில கிடைத்தன, ஆனால் அவர் பக்கம் செத்ததும் காயம்பட்டதுமாக ஆயிரம் பேருக்கு மேல். அதே நேரம் பார்த்து சுஃப்ரனின் கப்பல்கள் திருகோணமலையிலிருந்து வந்து எட்டிப்பார்த்தன. பெரிய பீரங்கிக் கப்பல்கள் ஹியூஸிடம் பதினெட்டு, சுஃப்ரனிடம் பதினைந்து, அதிலும் சிலது ஒழுகிக்கொண்டிருந்தது. பீரங்கி இயக்க ஆள் பற்றாமல் சுஃப்ரன் என்ன செய்தார் என்றால், முற்றுகையில் கிடக்கிற கோட்டையிலிருந்தே ஆயிரத்து இருநூறு பேரை, பிரெஞ்சுக்காரர் பாதி நம்மூர் சிப்பாய்கள் பாதியாக, புஸ்ஸியிடம் கடன் வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். அன்றைக்கு ராத்திரியே ஸ்டூவர்ட் மறுபடி தாக்கியிருந்தால் கோட்டையில் யார் இருந்திருப்பார்கள்? எனக்கு இந்தக் கதையில் மூச்சு நிற்கிற இடம் இதுதான். கப்பலில் போன அந்தச் சிப்பாய்களில் எத்தனை பேர் அதற்கு முன் கப்பல் பார்த்திருப்பார்கள், யார் பெயரும் நமக்குத் தெரியாது.

மூன்று நாள் காற்றுக்காக இருவரும் சுற்றிச்சுற்றி வந்தார்கள். பாய்மரக் கப்பல் சண்டையில் காற்று வருகிற பக்கம் நிற்கிறவனுக்குத்தான், எப்போது நெருங்குவது, எப்போது விலகுவது என்ற முடிவு. கடலூர் தேவனாம்பட்டினத்தில் என் மச்சான் குடியிருக்கிறார், அங்கே மீன்பிடிக்கிறவர்கள் இன்றைக்கும் காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், கச்சான் என்றும் கொண்டல் என்றும் வாடை என்றும். ஜூன் 20 அன்று காற்று மேற்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து கடலைப் பார்த்து நிலையாக வீசியது, கரைப்பக்கம் நின்ற சுஃப்ரனுக்குச் சாதகமாக. அவர் மட்டும் ஒரு சின்னக் கப்பலில் வரிசைக்கு வெளியே நின்றார், விருப்பப்பட்டு இல்லை. முந்தின வருஷம் மேற்கிந்தியத் தீவுகளில் ஒரு பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தன் கப்பலோடு பிடிபட்டதால், இனித் தளபதிகள் யாரும் வரிசைக்குள் நிற்கக் கூடாது என்று அவர்கள் ராஜாவின் உத்தரவு. மாலை நாலு மணிக்கு மேல் ஆரம்பித்துச் சுமார் மூன்று மணி நேரம். இரண்டு பக்கமும் நூறு நூறு பேர் அளவில் செத்தார்கள், நானூறு பேர் அளவில் காயம். கப்பல் எதுவும் மூழ்கவில்லை. இருட்டியது, நிறுத்தினார்கள்.

வழக்கம்போல சமம் என்று முடித்துவிடலாம், கணக்குப் பார்க்கிறவர்களுக்கு. ஆனால் ஹியூஸின் கப்பல்களில் குடிதண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது, ஆட்கள் கொத்துக்கொத்தாக ஸ்கர்வியில் படுத்துக் கிடந்தார்கள். காய்கறி, பழம் இல்லாமல் ஈறு அழுகிச் சாகிற நோய். நாம் எலுமிச்சையும் ஆரஞ்சும் விலை போகவில்லை என்று மரத்தடியில் அப்படியே விட்டுவிடுகிறோம் சில வருஷம், அது இல்லாமல் ஒரு கடற்படையே படுத்திருக்கிறது. ஹியூஸ் தண்ணீருக்காகவும் பழுது பார்க்கவும் சென்னைக்குப் போனார். ஸ்டூவர்ட்டின் படை கரையில் தனியாக நின்றது.

சுஃப்ரன் வந்து நங்கூரம் போட்டார். கடன் வாங்கிய ஆயிரத்து இருநூறு பேரைத் திருப்பிக் கொடுத்தார், மேற்கொண்டு தன் கப்பல் ஆட்களிலும் ஆயிரம் பேர் அளவில் இறக்கினார். ஒரு வாரத்துக்கு முன் முற்றுகை போட்டவன் இப்போது முற்றுகையில் கிடக்கிறான், முன்னால் கோட்டை, பக்கத்தில் எதிரிக் கப்பல், பின்னால் சோறு வராத நாடு. 1781ல் பிரெஞ்சுக் கப்பல் போனதால் பிழைத்த ஆங்கிலேயப் படை, இரண்டு வருஷம் கழித்துத் தன் கப்பல் போனதால் அதே கடலூரில் சிக்கிக்கொண்டது. ஜூன் 25 அன்று பிரெஞ்சுக்காரர்கள் வெளியே வந்து தாக்கினார்கள், அது சரியாக நடக்கவில்லை, விரட்டப்பட்டார்கள். இருந்தாலும் கடல் அவர்கள் கையில்தான் இருந்தது.

இந்தப் பதற்றத்தில்தான் நம் பக்கத்துப் படைக்கு ஆள் ஓடி வந்தது. தாராபுரத்தைப் பிடித்திருந்த கர்னல் ஃபுல்லர்ட்டனுக்கு, எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கடலூருக்கு வா என்று உத்தரவு. பழனியிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்த படை, கோயம்புத்தூருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே நடந்தது. கடலூருக்கு இன்னும் மூன்று நாள் வேகநடை பாக்கி இருக்கையில், சண்டை நின்றுவிட்டது என்று தகவல் வந்தது. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், சேதி கப்பலேறி வந்து சேர ஐந்து மாதம். ஜூன் 29 அன்று வெள்ளைக்கொடி கட்டிய ஒரு ஆங்கிலக் கப்பல் அதைக் கடலூருக்குக் கொண்டுவந்தது. என் மகள் கேட்ட ஐந்து மாதத்தில் முதல் பங்கு இந்தப் போக்கும் வரவும். மீதி, தெற்கே பாஞ்சாலங்குறிச்சி, சிவகிரிப் பாளையக்காரர்களோடு சண்டை, திப்புவோடு பேச்சுவார்த்தை, தற்காலிக நிறுத்தம் என்று இழுத்தது.

உங்களில் ஒருவர் கேட்பார், தெரியும்: சமாதானம்தான் ஏற்கெனவே ஆகிவிட்டதே, அப்புறம் அந்தச் சண்டை எதை மாற்றியது? நியாயமான கேள்வி, நானும் கொஞ்ச நாள் அங்கேயே நின்றேன். சேதி வந்துசேர்ந்த அன்றைக்குக் கடலூர் யார் கையில் இருந்தது என்பதுதான் என் பதில். ஹியூஸ் நின்றிருந்து கடலூர் விழுந்து, புஸ்ஸியின் படை மொத்தமும் கைதியாகியிருந்தால், ஸ்டூவர்ட்டின் பதினோராயிரத்தில் மிஞ்சியவர்கள் மைசூர்ப் பக்கம் திரும்பியிருப்பார்கள். ஃபுல்லர்ட்டன் ஜூனிலேயே கோயம்புத்தூருக்குள் நுழைந்திருப்பார். திப்பு மங்களூரில் சாவகாசமாக முற்றுகை போட்டுக்கொண்டிருக்க முடிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். நடந்தது வேறு. பிரெஞ்சுக்காரர்கள் ஒதுங்கிக்கொண்ட பிறகும் திப்பு தனியாக நின்று, 1784 ஜனவரியில் மங்களூரை வாங்கி, மார்ச்சில் சரிக்குச்சமமாக உட்கார்ந்து உடன்படிக்கை எழுதினார். பிடித்ததை அவரவர் திருப்பிக் கொடுப்பது என்று ஏற்பாடு. கம்பெனிக்காரர்களே அதை அவமானம் என்று புலம்பினார்கள்.

அப்படி மைசூருக்குத் திரும்பிப் போனதில் நம் திண்டுக்கல்லும் ஒன்று. 1790ல் கம்பெனி மறுபடி பிடித்து, 1792ல் எழுதி வாங்கும் வரைக்கும் அது மைசூர்க் கோட்டை. வேலு நாச்சியாருக்கு விருப்பாட்சி கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுத்ததும், ஹைதர் உதவி செய்ததும், நாச்சியார் 1780ல் சிவகங்கையை மீட்டதும் நீங்கள் உணர்ச்சியோடு நடத்துகிற பாடம், என் மகளே வந்து நடித்துக் காட்டினாள். அதே கோபால நாயக்கரை 1801ல் கம்பெனி தூக்கில் போட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இருபது வருஷத்தை நாம் தாவிவிடுகிறோம். அதில் கம்பெனி நம் அடிவாரத்தை ஒரு தடவை பிடித்து, கையில் நிற்காமல் விட்டிருக்கிறது. விட வைத்த காரணங்களில் ஒன்று ஜூன் 20 சாயங்காலத்துக் காற்றும், ஹியூஸின் காலித் தண்ணீர்ப் பீப்பாயும். விருப்பாட்சி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம் என்று பெருமையாகச் சொல்கிறோம், அந்த ஊர்ப் பாளையத்தின் தலையெழுத்தைக் கடல் ஒருதரம் அழித்து எழுதியதைச் சொல்லாமல் விட்டால் எப்படி?

சரி, நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லி உங்களிடம் கேட்டுப் பிரயோசனமில்லை, அது உங்கள் கையில் இல்லை. மங்களூர் உடன்படிக்கை நடத்துகிற அன்றைக்கு ஒரு பதினைந்து நிமிஷம், போர்டில் நம் மலை, திண்டுக்கல், தாராபுரம், கடலூர், திருகோணமலை என்று ஐந்து புள்ளி வைத்துக் காட்டுங்கள். அரிசி எந்த வழியாக வந்தது என்று கோடு போடச் சொல்லுங்கள். எந்தக் கோடு அழிந்தால் யார் பட்டினி கிடப்பார்கள் என்று பிள்ளைகளையே சொல்லவிடுங்கள், கஜாவை நேரில் பார்த்த பிள்ளைகள், டக்கென்று பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, வருஷா வருஷம் பாண்டிச்சேரிக்கு டூர் அழைத்துப்போகிறீர்கள். வழியை இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தெற்கே இழுத்தால் கடலூர். தேவனாம்பட்டினத்தில் வெள்ளிக் கடற்கரை இருக்கிறது, பக்கத்திலேயே புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகள். அங்கே 1783ஐப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு பலகையும் நான் பார்க்கவில்லை, ஐஸ்கிரீம் வண்டிகள்தான் பார்த்தேன். பரவாயில்லை, கடல் அதே கடல். ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு போனால் காற்றும் கிட்டத்தட்ட அதே காற்றாக இருக்கும். கரையில் நின்று ஒரு கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்து எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வேன் ஏற்பாடு செய்கிற பள்ளிக்கு என்னால் முடிந்தது: மதியச் சாப்பாட்டுக்கு மச்சான் வீட்டில் சொல்லிவிடுகிறேன், நாற்பது பேர் வரைக்கும் பிரச்சினை இல்லை, மீன் சாப்பிடாத பிள்ளைகள் எத்தனை என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போகிற வழிக்கு மலைவாழை இரண்டு தார் என் செலவு.

இப்படிக்கு,
தாண்டிக்குடியிலிருந்து ஒரு காப்பித் தோட்டக்காரன்

பி.கு: மகளிடம் இதைப் படித்துக் காட்டினேன். சுஃப்ரன் கடன் வாங்கிய சிப்பாய்களுக்குச் சம்பளம் யார் கொடுத்தது, கப்பல்காரரா கோட்டைக்காரரா என்று கேட்கிறாள். உங்களில் யாருக்காவது தெரிந்தால் அவளிடம் சொல்லுங்கள், வகுப்பில் முன் பெஞ்சில்தான் உட்காருவாள்.